கூடி எழுதும் மென்பொருளும் கூடவே வரும் சண்டையும்

கோயில் தேர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க நூற்றுக்கணக்கானோர் வருவார்கள். அவர்களுக்குக் கூலி கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது, "நீ இழு" என்று உத்தரவு போட அதிகாரியும் கிடையாது. அதே தேரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையில் முட்டுக்கட்டையுடன் சிலர் குனிந்தபடியே நடந்து வருவார்கள். தேர் நிற்க வேண்டிய இடத்தில், திரும்ப வேண்டிய இடத்தில் கட்டையைச் செருகுவது அவர்கள் வேலை. கொஞ்சம் தவறினால் ஆளையே நசுக்கிவிடும். இவ்வளவு ஆபத்தான, திறமையான வேலையைச் செய்பவரை நம் பேச்சு வழக்கு என்ன செய்தது பாருங்கள்: "முட்டுக்கட்டை போடறான்" என்றால் அது திட்டு!

திறந்த மூல மென்பொருள் உலகமும் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. அங்கே சண்டை ஆரம்பிப்பதும் பெரும்பாலும் இந்த முட்டுக்கட்டையில்தான்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்காக ஓரிரு வார்த்தை. ஒரு புரோகிராமின் சோர்ஸ் கோடை, அதாவது மூல நிரலை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டால் அது திறந்த மூல மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த குனூ திட்டமும், ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய லினக்ஸும் இதற்குப் பெரிய உதாரணங்கள். (ஸ்டால்மனைக் கேட்டால் "திறந்த மூலம் என்று சொல்லாதே, கட்டற்ற மென்பொருள் என்று சொல்" என்பார். அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.)

வேலை நடக்கும் முறை எளிதானது. எங்கோ இருக்கும் ஒருவர் ஒரு திருத்தம் எழுதி அனுப்புகிறார். அதற்குப் பேட்ச் என்று பெயர். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் அதைப் படித்துவிட்டுச் சேர்த்துக்கொள்வார், அல்லது குறை சொல்லித் திருப்பி அனுப்புவார், அல்லது பதிலே போடமாட்டார். மூன்றிலும் அதிகக் கசப்பை உண்டாக்குவது கடைசிதான் என்பது என் எண்ணம். "சரியில்லை" என்று சொன்னால்கூட ஏன் என்று கேட்கலாம். மௌனத்தை என்ன கேட்பது?

இன்று பெரிய திட்டங்களில் பலர் ஏதாவது ஒரு கம்பெனியின் சம்பளத்தில் இருந்துகொண்டுதான் எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கம்பெனி வேறு, இந்தத் திட்டம் வேறு. அங்கே மேனேஜர் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டு "இனிமேல் சண்டை போடாதீங்க" என்று முடித்துவிடலாம். இங்கே அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது. பிடிக்காதவர் மறுநாளே போய்விடலாம். போகும்போது மொத்தச் சோர்ஸ் கோடையும் நகல் எடுத்துக்கொண்டு போய்த் தனிக்கடை போடலாம், அதற்கு உரிமமே இடம் கொடுக்கிறது. இப்படிப் பிரிவதற்கு ஃபோர்க் என்று பெயர்.

ஆள் கூடக்கூடச் சண்டைக்கான வாய்ப்பு எப்படிக் கூடுகிறது என்பதை நம் கணக்குப் பாடத்தை வைத்தே பார்க்கலாம். 'ந' பேர் இருந்தால் இருவர் இருவராக அமையும் உறவுகள் ந(ந-1)/2. நான்கு பேருக்கு 6. பன்னிரண்டு பேருக்கு 66. முப்பது பேருக்கு 435. இதில் ஒன்று கசந்தால் போதும், மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதோடு எல்லாப் பேச்சும் எழுத்தில்தான். முகம் தெரியாது, குரல் தெரியாது. கிண்டலா கோபமா என்று புரியாது. எழுதுபவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. நேரில் "என்னப்பா இப்படிப் பண்ணிட்டே" என்று தோளில் தட்டிச் சொன்னால் சிரித்துக்கொண்டு போய்விடுகிற விஷயம், திரையில் நாலு பேர் பார்க்க நின்றால் மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது.

ஒரே சண்டைக்குள் இரண்டு வழக்கு

இந்தச் சண்டைகளைக் கூர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வழக்குகள் பின்னிக் கிடப்பது தெரியும். முதல் வழக்கு, "எது சரி? யார் முடிவு செய்வது?" இரண்டாவது வழக்கு, "என்னிடம் நீ எப்படிப் பேசினாய்?" முதலாவதற்கு விடை பரிசோதனையிலோ ஓட்டிலோ கிடைக்கலாம். இரண்டாவதற்கு அங்கே விடை கிடைக்காது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தால் எந்தக் காலத்திலும் அவிழாது.

2007-ல் லினக்ஸில் நடந்ததைப் பாருங்கள். கான் கோலிவாஸ் ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து மருத்துவர். நிரல் எழுதுவதைத் தாமாகவே கற்றுக்கொண்டவர். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டு கேட்கும்போதும் மௌஸை நகர்த்தும்போதும் லினக்ஸ் திணறக்கூடாது என்பது அவர் கவலை. எந்தப் புரோகிராமுக்கு எப்போது பிராசஸர் நேரம் கொடுப்பது என்று தீர்மானிக்கும் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர். அதில் பல ஆண்டுகள் உழைத்து, எல்லாருக்கும் சமமாகப் பங்கிடும் புதிய ஷெட்யூலர் ஒன்றை 2007 மார்ச்சில் வெளியிட்டார். ஏப்ரலில் அந்தப் பகுதியின் மெயின்டெய்னரான இங்கோ மோல்னார், அதே சமப்பங்கீட்டுக் கருத்தை வைத்து வேறொரு ஷெட்யூலரைத் தாமே எழுதினார். லினக்ஸில் சேர்ந்தது மோல்னாருடையதுதான். அதற்கு அவர் வைத்த பெயர் 'முற்றிலும் நியாயமான ஷெட்யூலர்'. கோலிவாஸ் அந்தப் பெயரைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மோல்னார் திருடவில்லை. நியாயப் பங்கீட்டு வடிவமைப்பு கோலிவாஸுடையது என்று சோர்ஸ் கோடின் தலைப்பிலேயே 2007 ஏப்ரல் 15 என்று தேதி போட்டு எழுதி வைத்தார். டோர்வால்ட்ஸும் தம் முடிவுக்குக் காரணம் சொன்னார். குறை சொல்லி எழுதியவர்களோடு சேர்ந்து வேலை செய்யாமல் கோலிவாஸ் அவர்களோடு வாதாடினார், மோல்னார் தொடர்ந்து பராமரிப்பார் என்ற நம்பிக்கை தமக்கு இருக்கிறது என்பது அவர் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கோலிவாஸ் அந்த ஜூலையிலேயே "போதும்" என்று விட்டுட்டுப் போயிட்டார். மோல்னாரின் ஷெட்யூலர் அக்டோபரில் 2.6.23 பதிப்பில் வெளிவந்தது.

எது சரி என்ற முதல் வழக்கில் அன்றைய தீர்ப்பு தவறு என்று சொல்ல முடியாது. அந்த ஷெட்யூலர் 2023-ல் 6.6 பதிப்பு வரும் வரை உலகம் முழுதும் ஓடியது. ஆனால் இரண்டாவது வழக்கை யாரும் விசாரிக்கவே இல்லை. பல வருஷம் உழைத்தவரிடம், புதிதாக எழுதத் தொடங்குவதற்கு முன்னால், "உன் கருத்து நல்லது, உன் நிரலில் எனக்கு இந்த இந்தச் சந்தேகம், சேர்ந்து செய்வோமா?" என்று கேட்பதற்கு எத்தனை நிமிஷம் ஆகும்? கேட்டும் ஒத்துவராமல் போயிருக்கலாம். ஆனால் போன விதம் வேறாக இருந்திருக்கும்.

பேசிய விதத்துக்கு ஒரு வாசல்

லினக்ஸில் இரண்டாவது வழக்குக்கு நெடுநாள் வாசலே இல்லை. டோர்வால்ட்ஸின் திட்டுகள் பிரசித்தம். தப்பான நிரலைத் திட்டுவதில் ஆரம்பித்து எழுதிய ஆளையே திட்டுவதில் முடியும். "அவர் அப்படித்தான், மனசில ஒண்ணும் வெச்சுக்கமாட்டார்" என்று சமாதானம் சொன்னவர்கள் நிறைய பேர். திட்டுபவருக்கு மனசில் ஒன்றும் இருக்காதுதான். வாங்கிக்கொண்டவருக்கு அல்லவா இருக்கும்? யூ.எஸ்.பி. 3.0 பகுதியைக் கவனித்து வந்த ஷார்ப் என்பவர் 2013 ஜூலையில் பகிரங்கமாக எழுந்து, இந்த மாதிரிப் பேச்சு வேண்டாம் என்று எதிர்ப்புத் தெரிவித்தார். பெரிய மாற்றம் வரவில்லை. தாம் ஏன் விலகினோம் என்பதை 2015 அக்டோபரில் எழுதினார்.

அதே 2015 மார்ச்சில் லினக்ஸ் நிரலோடு ஒரு சிறிய குறிப்பு சேர்க்கப்பட்டிருந்தது. நடத்தை விதி என்று அதற்குப் பெயர் வைக்காமல் 'மோதல் விதி' என்று வைத்தார்கள்! நிரல் கடுமையாக விமர்சிக்கப்படும், அது சகஜம், யாராவது உங்களை அவமதித்தால் இந்தக் குழுவிடம் சொல்லுங்கள் என்கிற பாணியில் அமைந்த குறிப்பு. வாசல் கட்டினார்களே தவிர, உள்ளே வரவேற்பு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

திருப்பம் 2018 செப்டம்பர் 16-ல் வந்தது. 4.19 பதிப்பின் நான்காவது சோதனை வெளியீட்டை அறிவிக்கும் கடிதத்திலேயே டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டார். தம் கடிதங்களில் ஆட்களைத் தாக்கியது தேவையற்றது, தொழிலுக்கு அழகல்ல என்றார். மற்றவர்களின் உணர்வைப் புரிந்துகொள்ளத் தமக்கு உதவி வேண்டும், கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பொறுப்பை கிரெக் குரோவா-ஹார்ட்மனிடம் கொடுத்தார். அதே சமயத்தில் மோதல் விதி நீக்கப்பட்டு முறையான நடத்தை விதி வந்தது. அக்டோபர் 22-ல் 4.19 வெளியானது, வெளியிட்டவர் குரோவா-ஹார்ட்மன். டோர்வால்ட்ஸும் அந்த மாதமே திரும்பிவிட்டார். அதன் பிறகும் அவர் கோபப்படாமல் இல்லை. ஆனால் தலைவரே பொதுவில் மன்னிப்புக் கேட்ட பிறகு, கீழே இருப்பவர் "இங்கே இப்படித்தான் பேசுவோம்" என்று மார்தட்ட முடியவில்லை.

விதி வெறும் காகிதம் இல்லை என்பதும் பின்னால் தெரிந்தது. 2024 நவம்பரில், பிகேஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை எழுதியவர் சக மெயின்டெய்னர் ஒருவரிடம் தகாத முறையில் பேசியதற்காக, 6.13 பதிப்புக்கான சுற்றில் அவருடைய திருத்தங்கள் ஏற்கப்படவில்லை. அவர் திறமைசாலி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பாதிக்கப்பட்டது அந்தக் கோப்பு முறைமையைப் பயன்படுத்தியவர்களும்தான் என்பதால், இந்தத் தண்டனை முறை சரியா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. கேட்கத்தான் வேண்டும்.

முடிவுக்கு ஒரு வாசல்

முதல் வழக்குக்கு நல்ல உதாரணம் பைத்தான். கைடோ வான் ராஸம் 1991-ல் வெளியிட்ட இந்த மொழியில் கடைசி வார்த்தை என்றும் அவருடையதாகவே இருந்தது. 'அன்பான ஆயுள் சர்வாதிகாரி' என்று வேடிக்கையாகப் பட்டம் கொடுத்திருந்தார்கள். 2018-ல் பெப் 572 என்ற முன்மொழிவு வந்தது. ஒரு கோவைக்கு நடுவிலேயே மாறிக்கு மதிப்புக் கொடுக்க, முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் சேர்த்து ஒரு புதுக் குறி. அவ்வளவுதான் விஷயம். அதற்குக் கிளம்பிய எதிர்ப்பில் மனிதர் நொந்துபோனார். முன்மொழிவை ஏற்றுக்கொண்டு, ஜூலை 12 அன்று பதவியிலிருந்தே விலகிவிட்டார்.

விலகும்போது வாரிசு என்று யாரையும் அவர் சுட்டிக்காட்டவில்லை, எப்படி ஆட்சி செய்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். அதுதான் அவர் செய்த நல்ல காரியம் என்பேன். மாதக்கணக்கில் விவாதித்து, பல ஆட்சி முறைகளை எழுத்தில் வைத்து, டிசம்பரில் ஓட்டுப் போட்டார்கள். ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு என்று முடிவாகி, 2019 தொடக்கத்தில் முதல் குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரே கம்பெனியில் வேலை செய்பவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வைத்தார்கள். இந்த ஒரு வரியில் எத்தனை சண்டை முளையிலேயே கிள்ளப்பட்டிருக்கும்! வான் ராஸமும் அந்த முதல் குழுவில் ஓர் உறுப்பினராக உட்கார்ந்தார், ஐந்தில் ஒரு ஓட்டோடு.

நம் கையில் இருப்பது

நம் மாணவர்கள் ஃபைனல் இயர் பிராஜெக்டுக்காக நாலு பேர் சேர்ந்து எழுதினாலும் சரி, வெளித் திட்டம் ஒன்றுக்குப் பேட்ச் அனுப்பினாலும் சரி, செய்யக்கூடியவை சில உண்டு.

பிறர் நிரலைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்போது வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். "நீ மெமரியை விடுவிக்க மறந்துட்டே" என்பதில் எழுவாய் ஆள். "இந்த ஃபங்ஷன் பாதியில் திரும்பினால் மெமரி விடுபடாமல் நின்றுவிடுகிறது" என்பதில் எழுவாய் நிரல். இரண்டும் ஒரே பிழையைத்தான் சொல்கின்றன. முதலாவதற்கு வருவது சாக்கு, இரண்டாவதற்கு வருவது திருத்தம். மறுக்கும்போது காரணமும், என்ன செய்தால் ஏற்பீர்கள் என்பதும் சேர்ந்து வரட்டும். எப்படி எழுதினாலும் ஏற்க முடியாத யோசனை என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஐந்து முறை திருத்தச் சொல்லிவிட்டு ஆறாவது முறை "இது நமக்கு வேண்டாம்" என்பதுபோல் கொடுமை வேறில்லை. பார்க்க நேரமில்லை என்றால் "பத்து நாள் கழித்துத்தான் பார்ப்பேன்" என்று ஒரு வரி போடுங்கள்.

பேட்ச் அனுப்பியவர் பக்கத்திலும் பொறுப்பு இருக்கிறது. முட்டுக்கட்டை போடுபவர் எதிரி அல்ல. உங்கள் நிரலை நீங்கள் மறந்துபோன பிறகும் அதைக் கட்டி மேய்க்கப் போகிறவர் அவர்தான்.

வாக்குவாதம் மூன்றாவது சுற்றைத் தாண்டி, புதுக் காரணம் எதுவும் வராமல் பழையதே திரும்பி வந்தால், அது முதல் வழக்கிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் எழுத்தில் பதில் போடாதீர்கள். ஒருவர் மற்றவருக்குப் போன் போட்டுப் பேசட்டும். முடியவில்லை என்றால், இருவரும் மதிக்கிற, அந்த நிரலில் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் ஒருவர் இருவரையும் தனித்தனியே கேட்கட்டும். கேட்பவர் நிரலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது, அது வேறு வாசல். இந்த மூன்றாவது ஆள் யார் என்பதை நல்ல நாளிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். சண்டை வந்த பிறகு தேடினால் யாரைச் சொன்னாலும் "அவன் உன் ஆளாச்சே" என்றுதான் பதில் வரும்.

ஒரு எச்சரிக்கை. இருவருக்கும் சமரசம் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒருவர் தொடர்ந்து இழிவாகப் பேசுகிறார், மற்றவர் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்றால் அங்கே இரண்டு தரப்பு கிடையாது. "ரெண்டு பேரும் கை குடுத்துக்குங்க" என்று முடித்து வைத்தால், வாங்கிக்கொண்டவர் சத்தமில்லாமல் போய்விடுவார், பேசியவர் மறுபடி பேசுவார்.

பிரிந்து போகிறவர்கள்

சில சண்டை தீராது. அப்போது ஃபோர்க் ஒரு கௌரவமான வழி. நெட்பிஎஸ்டி திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான தியோ டி ராட், மற்றவர்களிடம் பேசும் முறை சரியில்லை என்பதற்காக 1994 டிசம்பரில் மையக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1995 அக்டோபரில் ஓபன்பிஎஸ்டியைத் தொடங்கினார். அந்தத் திட்டத்திலிருந்து 1999-ல் வந்த ஓபன்எஸ்எஸ்எச்தான் இன்று உலகெங்கும் சர்வர்களுக்குள் நுழையப் பயன்படும் சாவி. ஜி.சி.சி. கம்பைலரிலிருந்து வளர்ச்சி மெதுவாக இருக்கிறதென்று 1997-ல் பிரிந்துபோன எக்ஸ் குழுவுக்கு, 1999 ஏப்ரலில் மூலத் திட்டமே கையளிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் நோட்.ஜேஎஸ்ஸை விட்டுப் பிரிந்தவர்கள் 2015 செப்டம்பரில் 4.0 பதிப்பில் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள்.

ஆனால் எல்லாப் பிரிவும் இப்படி முடிவதில்லை. நீங்கள் வி.எல்.சி.யில் படம் பார்க்கும்போது உள்ளே வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக் என்ற திட்டத்தின் நிரல். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000-ல் தொடங்கியது. அதை நடத்தி வந்த மைக்கேல் நீடர்மேயரின் தலைமை பிடிக்காமல் ஒரு குழு 2011 ஜனவரியில் நிர்வாகத்தை மாற்றியது. பெயர் யாருக்கு என்ற தகராறு வந்து, மார்ச்சில் அந்தக் குழு லிப்ஏவி என்று பெயர் மாற்றிக்கொண்டது. டெபியனும் உபுண்டுவும் லிப்ஏவி பக்கம் போயின. அந்தக் கம்ப்யூட்டர்களில் எஃப்எஃப்எம்பெக் கட்டளையை ஓட்டினால், இந்தப் புரோகிராம் இனி வளர்க்கப்படாது, வேறு கட்டளையைப் பயன்படுத்துங்கள் என்று எச்சரிக்கை வரும். மூலத் திட்டமோ பக்கத்து வீட்டில் ஜாம் ஜாமென்று வளர்ந்துகொண்டிருந்தது! பயன்படுத்துகிறவன் பாவம், எதை நம்புவது?

நீடர்மேயர் எதிர்த்தரப்பு எழுதிய திருத்தங்களையும் விடாமல் தம் நிரலில் சேர்த்துக்கொண்டே வந்தார். நான்கு ஆண்டுகள் இரட்டை வேலை. 2015 ஜூலையில் டெபியன் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்பியது. அதாவது அவர் பக்கம் ஜெயித்தது. அதே ஜூலை 31-ல் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். தாம் விலகினால் இரண்டு குழுவும் ஒன்று சேர்வது சுலபமாகலாம் என்று காரணம் சொன்னார். பிரிந்தவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. லிப்ஏவியின் வெளியீடுகள் 2018-க்குப் பிறகு நின்றுபோயின. நீடர்மேயர் பதவி எதுவும் இல்லாமல் அதே திட்டத்தில் பிழை திருத்திக்கொண்டும், பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டுக்கொண்டும் இருந்தார்.